தைராய்டு நோயாளி: எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது?

ரத்தப் பரிசோதனைத் தாளில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 18 என்று அச்சாகியிருக்கிறது. இயல்பான எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. 'தைராய்டு எகிறிவிட்டது' என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அந்த நோயாளியின் தைராய்டு சுரப்பி சோர்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் தாளில் 0.01 என்று இருக்கும். அவருடைய சுரப்பிதான் கட்டுக்கடங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இருவரையும் 'தைராய்டு நோயாளி' என்றே அழைக்கிறோம். ஆனால் இருவருக்கும் வரக்கூடிய ஆபத்து எதிரெதிரானது. பார்க்க வேண்டிய அறிகுறிகளும் அப்படியே.

இந்த நோய்களில் மருத்துவர் நோயாளியைச் சந்திப்பது பெரும்பாலும் பல வார இடைவெளியில். ஆபத்துகளின் கால அளவு வேறு: ஒன்று மணிக்கணக்கில் வருகிறது, ஒன்று நாள்கணக்கில், இன்னொன்று மாதக்கணக்கில். இடைப்பட்ட அந்த நேரத்தில் நோயாளியின் அருகே இருப்பவர் செவிலியர். வீட்டுக்குப் போனபின் குடும்பத்தார். ஆகவே தைராய்டு பராமரிப்பைப் புரிந்துகொள்ள நல்ல வழி, எந்த ஆபத்து எப்போது வரும் என்று தெரிந்துகொள்வதுதான்.

எண் ஏறினால் சுரப்பு இறங்கியிருக்கிறது

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை முன்புறமாக அணைத்தபடி இருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் எடை ஏறத்தாழ 15 முதல் 25 கிராம். உணவிலிருந்து வரும் அயோடினைக் கொண்டு டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களை அது தயாரிக்கிறது. உடலின் செல்கள் எந்த வேகத்தில் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதை இவை முறைப்படுத்துகின்றன. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், குடலின் அசைவு, மனநிலை, மாதவிடாய் எல்லாம் இதைச் சார்ந்தவை.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. வேலை நடக்காத அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து கடிதம்மேல் கடிதம் வருவதைப் போல, டி4 குறையக் குறைய டிஎஸ்எச் கூடுகிறது. டி4 அளவுக்கு மீறினால் கடிதமே நின்றுவிடுகிறது.

ரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள்கள் ஆகும். இந்த ஒரு தகவலிலிருந்து மூன்று விஷயங்கள் தாமாகக் கிடைக்கின்றன.

1. குறைச் சுரப்புக்குத் தரும் டி4 மாத்திரை ஒரு நாள் தவறினால் உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அதற்காக நோயாளியைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை.

2. மாத்திரையின் அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்தாம் நாளே ரத்தம் எடுத்துப் பார்ப்பது பணத்துக்கும் நரம்புக்கும் வீண் செலவு.

3. மாத்திரையை நிறுத்திவிட்டவருக்கும் சில வாரங்கள் எதுவும் தெரியாது. 'நிறுத்திய பிறகும் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று அவர் சொல்வது பொய்யல்ல. உடல் பழைய இருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ரத்தம் எடுப்பதற்கு முன் செவிலியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முடி கொட்டுவதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அத்தகைய மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கிறது. சில பரிசோதனை முறைகளில் அது டிஎஸ்எச்-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத மிகைச் சுரப்பை இருப்பதுபோல் தோன்றச் செய்யும். குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய முதல் இரவு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைராய்டு அறுவை என்றால் ரத்தப்பெருக்கால் வரும் மரணம் என்றே மருத்துவர்கள் அஞ்சினார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய தியோடர் கோகர் தம் நுணுக்கமான முறையால் இறப்பு விகிதத்தை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். 1909-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று இது பாதுகாப்பான அறுவைகளில் ஒன்று. ஆனாலும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் கழுத்துக்குள் ரத்தம் கட்டுகிறது. அதில் ஏறத்தாழ பாதி முதல் 6 மணி நேரத்திலும், பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்திலும் நிகழ்கின்றன. வயிற்றில் ஒரு டம்ளர் ரத்தம் சேர்ந்தால் உடல் ஓரளவு தாங்கும். கழுத்தில் இடமில்லை.

ரத்தக்கட்டு மூச்சுக்குழாயை வெளியிலிருந்து நெரிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. சேர்ந்த ரத்தத்தின் அழுத்தம் முதலில் மெல்லிய சிரைகளையும் நிணநீர்க் குழாய்களையும் அடைக்கிறது. அதனால் குரல்வளையின் உட்புறம் வீங்கி வழி குறுகுகிறது. வெளியே பெரிய வீக்கம் தெரியாமலேயே நோயாளி மூச்சுக்குத் திணறக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். செயற்கைச் சுவாசக் குழாயை நுழைப்பதும் அந்நேரத்தில் கடினமாகிவிடுகிறது.

அந்த இரவில் செவிலியர் பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தினால்:

1. புண்ணின் மேல் போட்ட கட்டு உலர்ந்திருப்பதை நம்பக்கூடாது. படுத்திருக்கும் நோயாளியின் ரத்தம் பின்னோக்கி வழிந்து பிடரியிலும் தோளின் அடியிலும் தேங்கலாம். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

2. வடிகுழாயில் ரத்தம் வராததும் நல்ல செய்தி என்று கொள்ள முடியாது. உறைந்த ரத்தம் குழாயை அடைத்திருக்கலாம்.

3. 'கழுத்து இறுக்கமாக இருக்கிறது, விழுங்க முடியவில்லை' என்ற புகார், இனம்புரியாத பதற்றம், படுக்கையில் நிலைகொள்ளாமல் எழுந்து உட்காருவது ஆகியவை முதலில் வருகின்றன. மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற ஒலி பிந்தி வருகிறது.

4. விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்ஸிஜன் அளவு கடைசியில்தான் விழும். 98 என்று காட்டுகிறதே என்று அமைதியாக இருப்பது இந்த வார்டில் செய்யக்கூடிய மிக ஆபத்தான செயல்.

மூன்றாவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பதற்றமாக இருக்கும் நோயாளிக்குத் தூக்க ஊசி போட்டு அமைதிப்படுத்தத் தோன்றும்; துணைக்கு இருப்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள். தைராய்டு அறுவை முடிந்தவரின் பதற்றத்துக்கு, கழுத்துக் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சரி என்று உறுதிசெய்யும் வரை, மூச்சுத் தடையே காரணம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

பிரிட்டனில் மயக்கவியல், தைராய்டு அறுவை, காது-மூக்கு-தொண்டை அமைப்புகள் இணைந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு ஒரு தெளிவான வரிசையைத் தந்தது: புண்ணின் மேல் உள்ள கட்டை அகற்று, தையலை வெட்டு, தோலைத் திற, தசையைத் திற, புண்ணில் துணியை வை. மூச்சுத் தடை வந்துவிட்டால் இதை அறுவை அரங்குக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல் படுக்கையிலேயே செய்ய வேண்டும் என்கிறது அது. இதன் நடைமுறைப் பொருள் எளியது. கத்தரிக்கோல், தையல் கிளிப் எடுக்கும் கருவி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி, துணிப்பட்டைகள் அடங்கிய பெட்டி நோயாளியின் தலைமாட்டில் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் இருக்கும் பெட்டி இல்லாத பெட்டிக்குச் சமம்.

தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கும். வாந்தியும் கடும் இருமலும் ரத்தப்போக்கைத் தூண்டுவதால் குமட்டல் தொடங்கும்போதே மருந்து தர வேண்டும். எழுந்து உட்காரும்போது பின்தலையை இரு கைகளாலும் தாங்கிக்கொள்ளும்படி அறுவைக்கு முந்தைய நாளே கற்றுக்கொடுத்தால் தையலில் இழுப்பு விழாது.

குரலையும் மணிக்கொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். இதற்கென்று சோதனை எதுவும் தேவையில்லை. பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னால் போதும். மயக்க மருந்துக்காகச் செருகிய குழாயினால் தொண்டை கரகரப்பது இயல்பு, சில நாளில் சரியாகும். குரல் நாண்களை இயக்கும் நரம்பு ஒரு பக்கம் பாதிக்கப்பட்டால் குரல் காற்றுப் போனதாக ஒலிக்கும். தண்ணீர் குடித்தால் புரையேறும். எனவே முதல் மிடறு தண்ணீரைச் செவிலியர் பக்கத்தில் நின்றே கொடுக்க வேண்டும். இரு பக்கமும் பாதிக்கப்பட்டால் சுவாசமே தடைப்படும். அது குழாயை எடுத்த சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள்: உதட்டைச் சுற்றி மதமதப்பு

முதல் இரவு நல்லபடியாகக் கழிந்தால் எல்லோரும் மூச்சுவிடுகிறார்கள். அடுத்த ஆபத்து அப்போதுதான் கிளம்புகிறது.

தைராய்டின் பின்புறத்தில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. ரத்தத்தின் கால்சியம் அளவைக் காப்பது அவற்றின் வேலை. தைராய்டை முழுவதும் அகற்றும்போது இவற்றின் ரத்த ஓட்டம் தடைப்படலாம், சில நேரம் ஒன்றிரண்டு கூடவே போய்விடலாம். முழு தைராய்டும் அகற்றப்பட்டவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குத் தற்காலிகக் கால்சியம் குறைவு வருகிறது. பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அது வெளிப்படும். நோயாளியை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பெருகியிருப்பதால், இந்த அறிகுறி பல நேரம் வீட்டில்தான் தோன்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, கைகால் தசைப்பிடிப்பு. பின்னர் விரல்கள் குவிந்து விறைப்பது; மிக முற்றினால் வலிப்பு, குரல்வளை இறுக்கம். காதுக்கு முன்னால் கன்னத்தைத் தட்டினால் உதடு துடிக்கிறதா என்று பார்க்கும் ச்வோஸ்டெக் சோதனை பாடப்புத்தகங்களில் பெரிதாக இருக்கும். ஆனால் நலமாக உள்ளவர்களில் சிலருக்கும் அப்படித் துடிக்கும். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சிஸ்டாலிக் (மேல் எண்) அளவுக்கு மேல் ஏற்றி மூன்று நிமிடம் வைத்து, கை குவிகிறதா என்று பார்க்கும் ட்ரூசோ சோதனை அதைவிட நம்பகமானது. இரண்டையும்விட நோயாளியின் வாய்ச்சொல் முந்தி வரும். 'வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது சிஸ்டர்' என்று சொன்னால், உடனே கால்சியம் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும்.

லேசான குறைவுக்குக் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி வகையான கால்சிட்ரியாலும் போதும். கடுமையானால் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் சிரை வழியே செல்லும். அங்கே செவிலியரின் கவனம் மூன்று இடங்களில் இருக்க வேண்டும்: மருந்து மெதுவாக, குறைந்தது பத்து நிமிடத்தில் இறங்குகிறதா, ஈசிஜி திரையில் துடிப்பு குறைகிறதா, ஊசி சிரைக்குள்தான் இருக்கிறதா. கசிந்தால் அவ்விடத்துத் திசு அழியக்கூடும். சோடியம் பைகார்பனேட் ஓடும் அதே குழாயில் இதைக் கொடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் படிகமாகிவிடும்.

மிகைச் சுரப்பு: காய்ச்சல் என்ற எச்சரிக்கை

கிரேவ்ஸ் நோய் போன்றவற்றில் சுரப்பி அளவுமீறி ஓடுகிறது. எடை குறைவு, கைநடுக்கம், படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை. கத்திரி வெயிலில் எல்லோருக்கும் வியர்ப்பதால் நம் ஊரில் இந்த அறிகுறி எளிதில் மறைந்துவிடும். நோயாளி ஆழ்ந்து தூங்கும்போது நாடியை எண்ணுவது பழைய செவிலிய வழக்கம், நல்ல வழக்கம். பயத்தால் வந்த படபடப்பு தூக்கத்தில் அடங்கும். தைராய்டால் வந்தது அடங்காது. துடிப்பு ஒழுங்கற்றுப் போக வாய்ப்புள்ளதால் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

கண் பிதுங்கியவர்களுக்குத் தலைமாட்டை உயர்த்துதல், செயற்கைக் கண்ணீர்த் துளிகள், இமை மூடாவிட்டால் இரவில் ஒட்டி வைத்தல், புகைப்பதை நிறுத்துதல் ஆகியவை பார்வையைக் காக்கும்.

மிகைச் சுரப்பை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கும் நாளில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று. அபூர்வமாக இம்மருந்து வெள்ளை அணுக்களில் ஒரு வகையை ஏறத்தாழ முற்றிலும் இல்லாமல் செய்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் இது நிகழ்கிறது. காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், மாத்திரையை நிறுத்தி அன்றே வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சாதாரணத் தொண்டை வலி என்று மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிக் காத்திருந்தவர்கள் ரத்தத்தில் கிருமி பரவிய நிலையில் வந்து சேர்வதுண்டு. இதை வாயால் மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாத்திரையைத் திடீரென நிறுத்துதல், தொற்று, பிரசவம், கட்டுப்பாட்டுக்கு வராத நிலையில் அறுவை ஆகியவை 'தைராய்டு புயல்' எனப்படும் உயிராபத்து நிலையைக் கிளப்பலாம். கடும் காய்ச்சல், நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டும் துடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, பிதற்றல். இங்கே மருந்துகளின் வரிசைதான் உயிர். முதலில் சுரப்பைத் தடுக்கும் மருந்து, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து அயோடின். ஹார்மோனின் மூலப்பொருளே அயோடின் என்பதால், வரிசை மாறினால் எரிகிற சுரப்பிக்கு மேலும் சரக்கு கிடைக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் ஈரத்துணி ஒத்தடமும். ஆஸ்பிரின் கூடாது, அது புரதத்தோடு பிணைந்துள்ள ஹார்மோனை விடுவித்துவிடும். துடிப்பைக் குறைக்கப் புரோப்ரனலால் தருமுன் ஆஸ்துமா உண்டா என்று கேட்டாக வேண்டும்.

குறைச் சுரப்பு: மே மாதத்தில் போர்வை கேட்பவர்

எடை கூடுதல், மலச்சிக்கல், வறண்ட தோல், கரகரத்த குரல், மறதி, எப்போதும் அசதி. வயதானவர்களிடம் இவையெல்லாம் 'வயதாகிவிட்டது' என்ற ஒரே சொல்லில் கணக்குத் தீர்க்கப்படுகின்றன. மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வை கேட்கும் மூதாட்டியைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் அவருடைய நாடியை எண்ணிப் பார்க்கலாம்.

பல ஆண்டுகள் சிகிச்சையின்றி இருந்தவருக்கு நிமோனியாவோ தூக்க மருந்தோ குறுக்கிட்டால் மிக்ஸிடீமா கோமா வரலாம். உணர்வு மங்கும், மூச்சும் துடிப்பும் மெதுவாகும், உடல் குளிரும், ரத்தத்தில் சோடியம் குறையும். சாதாரணத் தெர்மாமீட்டரின் கோடுகள் 35 டிகிரி செல்சியஸில்தான் தொடங்குகின்றன. பாதரசம் அசையவே இல்லை என்றால் சரியாக வைக்கவில்லை என்று நினைத்துக் கருவியை மாற்றுவார்கள். உடல் அதற்கும் கீழே போயிருக்கலாம்.

குளிர்ந்த உடலை வெந்நீர்ப் பையால் சூடேற்றத் தோன்றுவது இயல்பு. செய்யக் கூடாது. தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும். போர்வை போர்த்தி அறையின் வெப்பத்தில் மெல்ல மீள விட வேண்டும். அட்ரீனல் சுரப்பியும் பழுதாகியிருக்கலாம் என்பதால் தைராக்ஸினுக்கு (டி4) முன் அட்ரீனல் ஹார்மோனான ஹைட்ரோகார்டிசோன் தருவார்கள். இரண்டும் ஒரே சமயம் எழுதப்பட்டிருந்தால் எது முதலில் என்று செவிலியர் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

காலை மாத்திரையும் காலைக் காப்பியும்

குறைச் சுரப்புக்குத் தரும் தைராக்ஸின் மாத்திரையான லெவோதைராக்ஸின் வெறும் வயிற்றில், உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, தண்ணீரோடு மட்டும். காப்பி அதன் உட்கிரகிப்பைக் குறைக்கிறது. எழுந்ததும் காப்பி இல்லாமல் முடியாதவர்களிடம் வாதாடுவதைவிட, இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடச் சொல்வது பலன் தரும். கால்சியம், இரும்பு, அமிலத்தை அடக்கும் சில மருந்துகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இதில் மருத்துவமனைகளே பெரிய குற்றவாளிகள். காலை எட்டு மணிச் சுற்றில் இட்லிக்குப் பிறகு எல்லா மாத்திரைகளையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கொடுக்கும் வழக்கம், சரியான அளவில் எழுதப்பட்ட மாத்திரையையும் பாதி வீணாக்குகிறது. இதை இரவுப் பணிச் செவிலியரின் ஆறு மணி வேலையாக மாற்றினால் போதும். மூக்குக்குழாய் வழி உணவு பெறுபவர்களுக்கு மாத்திரைக்கு முன்னும் பின்னும் உணவை நிறுத்திவைக்க வேண்டும். டிஎஸ்எச் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டுவதற்கு முன், எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்பதே முதல் சிகிச்சை.

இதய நோயுள்ள முதியவர்களுக்கு 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். மார்பு வலியோ புதிய படபடப்போ வந்தால் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கர்ப்பமும் பச்சிளங்குழந்தையும்

கருவின் தைராய்டு ஹார்மோன் தயாரிக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 12-ஆம் வாரத்தில். அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டியது முழுவதும் தாயிடமிருந்து வருகிறது. எனவே ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பம் உறுதியானதும் ஸ்கேனுக்குக் காத்திராமல் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். பொதுவாக அளவை 25 முதல் 30 சதவீதம் கூட்டுவார்கள். கர்ப்பமானதும் 'இனி மாத்திரை எதுவும் வேண்டாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்திவிடுவதுதான் கிராம சுகாதாரச் செவிலியர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல்.

அடுத்த சிக்கல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகள். மூன்றும் மோதாமல் இருக்க ஒரு வழி: விடியலில் தைராக்ஸின், மதிய உணவோடும் இரவு உணவோடும் கால்சியம், இடையில் மாலையில் இரும்பு. தாளில் சூரியன், நிலா படம் போட்டுக் கொடுத்தால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்.

பிறவியிலேயே தைராய்டு குறைபாடுள்ள குழந்தைகள் பெரும்பாலும் பிறக்கும்போது நலமாகவே தெரிவார்கள், தாயின் ஹார்மோன் கொஞ்சம் உடலில் இருப்பதால். நீடித்த மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தொப்புள் பிதுக்கம் எல்லாம் தெரியவரும்போது மூளை சில வாரங்களை இழந்திருக்கும். அதனால்தான் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத் துளிப் பரிசோதனை முக்கியமாகிறது. பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் டிஎஸ்எச் இயல்பாகவே எகிறியிருக்கும்; 48 மணி நேரத்துக்குப் பின் எடுப்பதே நல்லது. அதற்கு முன் வீடு திரும்பும் தாயிடம் மறுபடி வரவேண்டிய தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிகிச்சை இரண்டு வார வயதுக்குள் தொடங்கினால் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்ற முடிகிறது. மாத்திரையைத் தினமும் புதிதாகப் பொடித்து, ஒரு தேக்கரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துப் பாலாடையில் கொடுக்க வேண்டும். பாட்டில் பாலில் கலந்தால் குழந்தை மீதம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். கொடுத்த சில நிமிடங்களிலேயே வாந்தி எடுத்தால் அதே அளவை மீண்டும் கொடுப்பது வழக்கம்.